ஒரு வாசர் வாங்க வண்டி எதற்கு?

சென்னையில் இரு சக்கர வாகன ஷோரூம்களும் சர்வீஸ் சென்டர்களும் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அவர்களுக்கு விதி வகுத்துக் கொடுக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும்,

உங்களில் சிலர் பார்ட்ஸ் கவுன்டரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறீர்கள்: "உதிரி பாகங்கள் தனியாக விற்கப்பட மாட்டாது. வண்டியுடன் சர்வீஸ் பிரிவை அணுகவும்." அட்டை இல்லாத இடங்களில் அதையே வாயால் சொல்கிறார்கள்: "ஜாப் கார்டு போட்டாத்தான் சார் பார்ட் எடுக்க முடியும். சிஸ்டம் அப்படி." (ஜாப் கார்டு என்பது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, செய்ய வேண்டிய வேலைகளை எழுதுகிற சீட்டு.) இன்ஜின் ஆயிலை வடிக்கத் திறக்கிற டிரெயின் போல்ட்டுக்கு அடியில் போடுகிற ஒரு வாசர் கேட்டாலும் இதுதான் பதில். ஏர் ஃபில்டர் கேட்டாலும் இதுதான். கிளச் கேபிள் அறுந்து, வண்டியை ஓட்டிவர வழியில்லாமல் பஸ் ஏறி வந்தவருக்கும் இதே பதில்தான். உப்பு வாங்கப் போனவரிடம், சமையலையும் எங்களிடமே விட்டால்தான் உப்பு தருவோம் என்று மளிகைக்கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

இந்த மடலை எழுதுகிற நாங்கள், வண்டியின் வழக்கமான வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள். உங்களுக்குப் போட்டியாகக் கடை போட்டவர்கள் அல்லர். ஒரிஜினல் பார்ட்டை எம்ஆர்பி கொடுத்து, பேரம் பேசாமல், லேபர் தகராறு இல்லாமல் வாங்கிப்போகிற வாடிக்கையாளர்கள் நாங்கள். "உள்ளூர் டீலரை ஆதரியுங்கள், எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கினால் நாங்கள் எப்படிக் கடை நடத்துவது" என்று உங்கள் தரப்பில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வண்டி விற்று மிஞ்சுவது கொஞ்சம், சர்வீஸும் பார்ட்ஸும்தான் வாடகையையும் சம்பளத்தையும் கட்டுகின்றன என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் காசோடு வருகிறவரைக் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, அவர் ஆன்லைனில் வாங்குகிறார் என்று குறைப்படுவதில் பொருள் இல்லை.

திருப்பி அனுப்பினால் அவர் வண்டியை உங்களிடம் கொண்டுவருவார் என்பது உங்கள் கணக்கு. பெரும்பாலும் அது நடப்பதில்லை. பழைய வாசரையே திரும்பப் போடுகிறார். அல்லது அளவு ஏறக்குறையப் பொருந்துகிற வேறொன்றைப் போடுகிறார். அதனால் என்ன ஆகும் என்பதை அந்த வாசரை வைத்தே சொல்கிறோம், சின்ன விஷயம் என்று நீங்கள் நினைப்பது அதைத்தான் என்பதால்.

இன்ஜினின் அடிப்பகுதி அலுமினிய வார்ப்பு. அதில் இறங்கும் டிரெயின் போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவே இருக்கிற வாசர் அலுமினியம் அல்லது செம்பு. போல்ட்டை முடுக்கும்போது அது நசுங்கி, இரண்டு பரப்புகளின் மேடுபள்ளங்களை அடைத்துக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கியது மறுபடி அதே போல நசுங்காது. பழையதையே போட்டால் போல்ட்டைச் சுற்றி மெல்ல ஈரம் கசியும். ஈரத்தைப் பார்த்தவர் கால் சுற்று கூடுதலாக முடுக்குவார். அடுத்த ஆயில் மாற்றத்தில் இன்னொரு கால் சுற்று. ஒரு நாள் போல்ட் சுற்றிக்கொண்டே போகும், இறுகாது. மரை போய்விட்டது. பிறகு துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச்சுருள் இறக்க வேண்டும். அதுவும் பிடிக்காவிட்டால் கிரான்க் கேஸையே மாற்ற வேண்டும். அதற்கு இன்ஜினை முழுக்கப் பிரித்தாக வேண்டும். சில ரூபாய் வாசரில் மிச்சம் பிடித்தது இங்கே வந்து நிற்கிறது.

இந்தப் போல்ட்டுக்கு, தினசரிப் போக்குவரத்துக்கான சாதாரண கம்யூட்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். ஓர் அடி நீள ரெஞ்சின் நுனியில் 8 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்குவிசை ஏறக்குறைய அவ்வளவுதான்; கையில் பிடித்துப் பார்த்தால் "இவ்வளவு லேசாகவா" என்று தோன்றும். வண்டிக்கு வண்டி மாறுகிற சரியான எண் உங்கள் வொர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கிறது. வண்டியோடு எங்களுக்குக் கொடுக்கிற ஓனர் மேனுவலில் பெரும்பாலும் இருப்பதில்லை. வாசரும் கிடையாது, எண்ணும் கிடையாது, அதன் பிறகு "வீட்டுல கை வெச்சா இப்படித்தான் ஆகும்" என்று மட்டும் சொல்கிறீர்கள்.

வீட்டில் கை வைப்பதால் மட்டும்தான் மரை போகிறதா என்பதையும் பேசிவிடுவோம். நாங்கள் பார்த்த வொர்க்‌ஷாப்கள் பலவற்றில் டிரெயின் போல்ட்டையும் பின் ஆக்ஸில் நட்டையும் காற்றுத் துப்பாக்கியால்தான் முடுக்குகிறார்கள். டார்க் ரெஞ்ச் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று மெக்கானிக்கின் தலையில் நீங்கள் ஏற்றிவைத்த எண்ணிக்கைதான் இதற்குக் காரணம். அந்தப் பையன்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆயில் அளவும் அப்படியே. 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஆயில் மாற்றும்போது 1 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். 150, 160 சிசி வண்டிகள் பல 1 லிட்டரோ அதற்குச் சற்று மேலோ கேட்கும். டின் 1 லிட்டராக வருவதால் முழு டின்னையும் கவிழ்க்கிற பழக்கம் இருக்கிறது. மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் கிரான்க் அதைக் கடைந்துகொண்டே சுற்றும், இழுவை குறையும், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். மூவாயிரம் கிலோமீட்டர் கழித்து "ஃபில்டர் ஆயிலா இருக்கு சார், மாத்தணும்" என்று அதற்கும் ஒரு பில் வருகிறது. வீட்டில் செய்கிறவர் வண்டியைச் சமதரையில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சூட்டோடு வடித்து, அளவுக் குவளையில் அளந்து ஊற்றுவார். மூன்று நிமிடம் ஓடவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே உட்கார வைத்துப் பார்ப்பார். சில வண்டிகளில் திருகிப் பார்க்க வேண்டும், அதை மேனுவல் சொல்லும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. தவறு நடப்பது ஆயில் தேர்வில்தான்: கியர் வண்டியின் கிளச் ஆயிலுக்குள்ளேயே ஓடுவதால் டின்னில் ஜாசோ (JASO) தரக்குறியீடு எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும். ஸ்கூட்டரின் கிளச் உலர்ந்த வகை, அதற்கு எம்பி (MB) என்ற குறியீடு. இதை உங்கள் கவுன்டரில் இருக்கிறவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். டின்னை விற்றால்தானே சொல்ல முடியும்?

ஏர் ஃபில்டர் இன்னும் மோசம். இப்போது ஓடுகிற கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் இருப்பது எண்ணெய் ஏற்றிய காகித ஃபில்டர். அதைச் சுத்தம் செய்யவே கூடாது. காற்றடித்தால் தூசியைப் பிடித்து வைக்கிற எண்ணெய்ப் படலம் போய்விடும், காகிதமும் கிழியலாம். பிறகு தூசி நேராகச் சிலிண்டருக்குப் போகும். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது மட்டும்தான் அதற்கு வேலை, நான்கு ஸ்க்ரூ கழற்றினால் போதும். ஆனால் "ஏர் ஃபில்டர் கிளீனிங்" என்று தனி வரி போட்டு வசூலித்த பில்கள் எங்களிடம் இருக்கின்றன. அதே பில்களில் கேட்காமலே ஏறிய இன்ஜெக்டர் கிளீனர், இன்ஜின் ஃப்ளஷ், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் உண்டு. ஃபில்டரைத் தனியாகத் தர மறுத்துவிட்டு, செய்யக்கூடாத சுத்தத்துக்குக் காசு வாங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

செயினுக்கும் பெட்ரோல் ஊற்றி இரும்பு பிரஷ் போடுகிறார்கள். ஓ-ரிங் செயினின் ரப்பர் வளையங்கள்தான் உள்ளே இருக்கிற கிரீஸைக் காக்கின்றன. பெட்ரோல் அவற்றைக் கெடுக்கும், இரும்பு பிரஷ் அறுக்கும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். துடைத்து உலரவிட்டு, உட்பக்கமாக 90 நம்பர் கியர் ஆயிலோ ஓ-ரிங்குக்கு ஏற்ற செயின் லூப்போ விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தளர்வு பல வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை; ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரே சொல்லும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். ஆக்ஸில் நட்டை முடுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும், ஏனென்றால் முடுக்கும்போது செயின் கொஞ்சம் இழுபடும். இங்கேயும் நட்டு கழன்றுவிடாமல் பூட்டுகிற ஒரு காட்டர் பின் வேண்டியிருக்கும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அது எங்காவது ரோட்டில் முறியும். காட்டர் பின்னுக்கும் ஜாப் கார்டு கேட்கிறீர்கள்.

பிரேக்கில் தவறு நடந்தால் உயிருக்கே ஆபத்து என்ற உங்கள் பயம் எங்களுக்கும் உண்டு. அதனால்தான் இதைக் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. போலி பேட் எது, அசல் எது என்று பெட்டியை வைத்துச் சொல்வது கடினம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நேர்மையான கடைகள் நிறைய இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இந்த ஊர் பார்ட்ஸ் வாங்குகிறது. ஆனால் உங்கள் கவுன்டரை நீங்கள் மூடும்போது, அசல் எது என்று அறிய முடியாத ஒருவரை எந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஃபுட்ரெஸ்டும் கேரியரும் தாராளமாக வாங்கலாம். பிரேக் ஷூவை அங்கே வாங்கக் கூடாது. உங்களிடம் கிடைக்காவிட்டால் சிலர் வாங்கத்தான் செய்கிறார்கள்.

டிஸ்க் பேட் மாற்றுவது இரண்டு போல்ட், ஒரு பின். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். இடையில் யாராவது ஃப்ளூயிடை மேல் கோடு வரை நிரப்பியிருந்தால் பொங்கி வழிந்து டேங்க் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். பேட்டைத் தாங்கியிருக்கிற காலிபர் நகரும் பின்களைத் துடைத்து அதற்கான கிரீஸை மெல்லத் தடவ வேண்டும். பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பின் இறுகியதுதான், பேட்டின் குறை அல்ல. எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன், லீவர் கெட்டியாகும் வரை பிரேக்கை அடிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் பிரேக் பிடிக்காது.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்ற விதியைத் தள்ளிப்போட முடியாது. உங்கள் சர்வீஸ் பட்டியலில் அந்த விதி அச்சிட்டிருக்கிறது. ஐந்து வருடமாக உங்களிடம் மட்டுமே சர்வீஸுக்கு விட்ட வண்டிகளில் ஃப்ளூயிட் பழுப்பேறிக் கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் பிரேக்கின் மாடுலேட்டருக்குள் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்கேன் டூல் வைத்து உள் வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். இன்ஜினைப் பிரிப்பது, ஃபோர்க் சீல் மாற்றுவது, சாவியில் சிப் இருக்கிற வண்டிக்கு இரண்டாம் சாவி எழுதுவது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குப் புது மென்பொருள் ஏற்றுவது எல்லாம் உங்கள் வேலை, உங்களிடமே வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அப்படி அழைப்பு வந்தால் அந்த வேலை நடப்பதும் உங்கள் இடத்தில்தான். வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற டாப்பெட் வேலை கூட எல்லாரும் தொட வேண்டியது அல்ல: குளிர்ந்த இன்ஜினில், ஃபீலர் கேஜ் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. சத்தம் வராமல் இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லேசாக டிக்டிக் என்று கேட்கிற இன்ஜின் பிழைக்கும். "சத்தமே இல்லாம பண்ணிக் குடுங்க" என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் இதை எடுத்துச் சொல்ல உங்கள் சர்வீஸ் அட்வைசருக்கு நேரம் இருக்க வேண்டும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தெருத் தெருவாக வண்டிகள் மூழ்கின. அத்தனை வண்டிகளையும் எடுத்துக்கொள்ள உங்கள் வொர்க்‌ஷாப்களில் இடமும் ஆளும் இருக்க முடியாது. அது உங்கள் குற்றம் அல்ல. ஆனால் வரிசையில் நிற்கிற நாட்களில்தான் இன்ஜின் உள்ளே துருப்பிடிக்கிறது. தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு முதல் வேலை நடக்க வேண்டியது முதல் ஓரிரு நாளில், அந்தந்தத் தெருவிலேயே.

செய்ய வேண்டியது இதுதான். செல்ஃப் அழுத்தக் கூடாது, கிக் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். எதையும் தொடும் முன் தண்ணீர் நின்ற மட்டம் தெரிகிற மாதிரி படம் எடுத்து, இன்ஷூரன்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். சாதாரண பாலிசியில், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்துக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது, அதற்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்பார்க் ப்ளக்கை எடுத்து, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உள்ளே இருக்கிற தண்ணீர் ப்ளக் துளை வழியாக வெளியே வரும். டிரெயின் போல்ட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகு வெளிறிய குழம்பாக ஆயில் வரும். புது ஆயில் ஊற்றி, பெட்ரோல் டேங்கை வடித்து, ஏர் ஃபில்டர் மாற்றி, கனெக்டர்கள் உலர்ந்த பிறகே இக்னிஷன் போட்டு, சில நிமிடம் ஓடவிட்டு அந்த ஆயிலையும் வடிக்க வேண்டும். குழம்பு நிறம் போகும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில்தான் புது ஆயில் ஃபில்டர். டிரம்மைத் திறந்து ஷூவை உலர்த்த வேண்டும். ஒரு வண்டிக்குத் தேவை: இரண்டு மூன்று தடவைக்கான ஆயில், ஓர் ஆயில் ஃபில்டர், அதன் ஓ-ரிங், ஓர் ஏர் ஃபில்டர், ஒரு ஸ்பார்க் ப்ளக், இரண்டு மூன்று டிரெயின் வாசர். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கும். தள்ளிக்கூடக் கொண்டுவர முடியாத வண்டியை "வண்டியோட வாங்க" என்று நீங்கள் சொல்வது அந்த நாட்களில்தான்.

வாரண்டிக்கு வருவோம். "வெளியே ஆயில் மாத்தினா வாரண்டி போயிடும்" என்ற வாக்கியம் உங்கள் அட்வைசர்களுக்கு மனப்பாடம். எழுதிக் கொடுங்கள் என்றால் யாரும் கொடுப்பதில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது பிறப்பித்த உத்தரவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விதித்த அபராதம் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல். அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது, அது கார்களைப் பற்றிய வழக்கு என்பதும் சரி. ஆனால் அந்த உத்தரவில் ஆணையம் வைத்த கோட்பாடு இரு சக்கரத்துக்கும் பொருந்தும்: வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே நடந்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம். வீட்டில் செயினைத் தளர்த்தியவரின் ஹெட்லைட் வயரிங்குக்கு வாரண்டி மறுக்க எந்த நியாயமும் இல்லை. தவறான ஆயில் ஊற்றி கிளச் கருகினால் மறுங்கள், நாங்கள் வாதாட வரமாட்டோம்.

கவுன்டர் விஷயத்தில் சட்டம் இன்னும் நேராகவே பேசுகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41) பிரிவின்படி, ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் வேறொரு பொருளையோ சேவையையோ முதலில் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவது கட்டுப்பாட்டு வணிக நடைமுறை. லேபர் கட்டினால்தான் பார்ட் என்பதை வேறு எப்படி வாசிப்பது? ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய அதன் இணையதளம் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

டீலர்களிடம்: பார்ட்ஸ் கவுன்டரை எல்லாருக்கும் திறந்து வையுங்கள். வண்டி எண்ணோ சேஸிஸ் எண்ணோ கேளுங்கள், தருகிறோம். சரியான பார்ட் எண் எடுக்க அது உதவும். ஸ்டாக் இல்லையென்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள், காத்திருப்போம். அதிகம் போகிற பத்துப் பதினைந்து பார்ட்டுகளையாவது, அதாவது வாசர், ஓ-ரிங், ஃபில்டர்கள், ப்ளக், கேபிள்கள், பேட், ஷூ, காட்டர் பின், ஃபியூஸ் ஆகியவற்றை, எம்ஆர்பியோடு பலகையில் எழுதி வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இரு சக்கர பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டுக்கும் புது வரிதான் கணக்கு.

சர்வீஸுக்கு விடும்போது, ஜாப் கார்டில் நாங்கள் கையெழுத்துப் போட்ட வேலையைத் தவிர எதையும் பில்லில் ஏற்றாதீர்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்காமலே பையில் போட்டுக் கொடுங்கள். ஊற்றிய ஆயிலின் அளவை மில்லிலிட்டரில் எழுதுங்கள். டிரெயின் போல்ட், ஆக்ஸில் நட், காலிபர் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சில் முடுக்கி, எண்ணை ஜாப் கார்டில் குறியுங்கள்.

கழிவு ஆயிலை வாங்கிக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்களில் சிலர் அதை மழைநீர்க் கால்வாயில் கொட்டுகிறார்கள். அது கூவத்துக்கோ அடையாறுக்கோ போகிறது. எங்கள் தரப்பில் இருக்கிற அசிங்கம் இது, மறைக்கவில்லை. உங்களிடம் ஏற்கெனவே பீப்பாய் இருக்கிறது, அதை எடுத்துப்போக ஆளும் வருகிறார்கள். புது டின் வாங்குகிறவர் பழைய ஆயிலை அதே டின்னில் கொண்டுவந்து கொடுக்க ஒரு மூலை ஒதுக்குங்கள், காசு வேண்டாம்.

நிறுவனங்களிடம்: வாரண்டிப் புத்தகத்தில் எந்த வேலையை வெளியே செய்தால் எந்தப் பாகத்தின் வாரண்டி பாதிக்கும் என்று தனித்தனியாக எழுதுங்கள். மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் கொடுக்க டீலரைக் கட்டாயப்படுத்துங்கள். வழக்கமான வேலைகளுக்கான முறுக்குவிசை எண்கள், இடைவெளிகள், ஆயில் அளவுகள் கொண்ட இரண்டு பக்க அட்டவணையை ஓனர் மேனுவலில் சேருங்கள், தமிழிலும் அச்சிடுங்கள். வொர்க்‌ஷாப் மேனுவலை விலை வைத்தாவது விற்பனைக்கு விடுங்கள். இன்ஜின் விளக்கு எரிந்தால் எந்தக் கோளாறு என்று வாசித்துச் சொல்கிற அளவுக்காவது ஸ்கேன் டூலை வெளி மெக்கானிக்குகளும் வாங்க வழி செய்யுங்கள். தெருமுனையில் இருக்கிற மெக்கானிக்கைக் கார்புரேட்டர் காலத்திலேயே நிறுத்திவைத்திருப்பது நீங்கள்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் மேலே சொன்ன வெள்ளப் பொருள்களை வண்டி மாடல் வாரியாக ஒரே பொட்டலமாகக் கட்டி, கவுன்டரில் விற்பனைக்கு வையுங்கள். இவற்றில் எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய மாட்டீர்கள் என்று உங்கள் கடையின் பெயரில் எழுத்தில் பதில் தாருங்கள். பார்ட்டைத் தனியாகத் தர முடியாது என்பதுதான் முடிவான பதில் என்றால் அதையும் லெட்டர்ஹெட்டில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவதற்கும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கட்டணமே இல்லாத மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவதற்கும் அது எங்களுக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சென்னைவாசிகள் சிலர்